உடலில் பதிக்கும் சிறு அன்டெனா: அறிகுறி பார்த்துப் பிழை பிடித்தல்

இங்கே இரண்டு வகை அன்டெனாக்களைப் பற்றிப் பேசுகிறோம். முதலாவது, 402 முதல் 405 மெகாஹேர்ட்ஸ் வரையான இம்ப்ளான்ட் (உடலில் பதிக்கும் மருத்துவக் கருவி) அலைப்பட்டைக்குச் செய்வது. 0.635 மில்லிமீற்றர் தடிப்பில், மின்னுழைய மாறிலி 10.2 உள்ள ரொஜர்ஸ் ஆர்.ஓ. 3210 போன்ற ஓர் அடித்தட்டு, அதன்மேல் நெளிந்து ஓடும் செப்புக் கோடு, அதை மூடும் அதே ரக மேல்தட்டு, கிரவுண்டுக்கு இறங்கும் ஒரு ஷோர்ட்டிங் பின், எல்லாவற்றுக்கும் வெளியே பரிலீன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. இரண்டாவது, 13.56 மெகாஹேர்ட்ஸில் தோலுக்கு வெளியிலிருந்து வலு வாங்கும் சுருள். மேசையில் ஒரு நானோ-விஎன்ஏ (அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்புகிறது என்று மீடிறன்வாரியாக வரைந்து காட்டும் சிறு கருவி), ஒரு நுணுக்குக்காட்டி, 1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு, ஒரு வெற்றிடப் பம்பி இவ்வளவும் இருந்தால் கீழுள்ள சோதனைகளில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம். பரிலீன் பூச்சுக்கு மட்டும் அதற்கென்றே உள்ள இயந்திரம் வேண்டும்.

மேசையில் செய்த துண்டு, தசைக்குப் பதிலாக வைக்கும் சோதனைக் கூழுக்குள் போகலாம், ஆளுக்குள் போகக்கூடாது. அதற்கான பாதை ஐ.எஸ்.ஓ. 13485, 14708, 10993 நியமங்கள் வழியாகவும், இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை வழியாகவும் போகிறது. அலைபரப்பு விடயம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கையில்.

அன்டெனாவைத் தொடுமுன்

ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று எண்களை எழுதி வைத்திருங்கள்: நான்கு வயர் முறையில் அளந்த நேரோட்டத் தடை, காற்றில் பரிவு மீடிறன், கூழில் பரிவு மீடிறன். கூழின் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். இவை இல்லாமல் பிழை தேடப் போனால் நல்ல அன்டெனாவைச் சுரண்டிக் கெடுப்பதில்தான் முடியும்.

பிழை வந்ததும் இந்த மூன்றையும் திரும்ப எடுங்கள். காற்றில் பழைய எண்ணே இருந்து கூழில் மட்டும் மாறியிருந்தால் கூழையோ பூச்சையோ சந்தேகியுங்கள். இரண்டிலும் மாறியிருந்தால் துண்டுக்குள் ஏதோ நடந்திருக்கிறது. தடை மாறியிருந்தால் பொருத்தில்தான் கோளாறு, வேறெங்கும் தேட வேண்டாம். அடுத்து, பரிவு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பாருங்கள். மேலே போயிருந்தால் காற்றோ உலோகமோ காரணம். கீழே வந்திருந்தால் தண்ணீர். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் முதல் ஊகம் இதுவாக இருந்தால் பாதி நாள் மிச்சம்.

கேபிளைத் தொட்டால் வரைகோடு ஆடுகிறது

இதைத் தீர்க்காமல் வேறெந்த அறிகுறியையும் நம்ப முடியாது. 10 மில்லிமீற்றர் அளவுள்ள அன்டெனாவின் கிரவுண்டும் அதே அளவுதான். மின்னோட்டத்துக்கு அது போதாமல், கேபிளின் வெளிக்கடத்தி வழியாகத் திரும்பி ஓடுகிறது. அப்போது அளக்கப்படுவது உங்கள் அன்டெனா அல்ல, அதோடு சேர்ந்த அரை மீற்றர் கேபிள்.

சோதனை எளிது: விரல்களால் கேபிளைப் பிடித்து, அன்டெனாவிலிருந்து விஎன்ஏ பக்கமாக நகர்த்துங்கள். வரைகோட்டில் பரிவைக் காட்டும் பள்ளம் 1 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் நகர்ந்தால் கேபிள் அலைபரப்புகிறது. அன்டெனாவுக்கு ஒட்டினாற்போல் ஐந்தாறு ஃபெரைட் மணிகளைக் கோர்த்துவிடுங்கள். இங்கே ரகம் முக்கியம். எளிதாகக் கிடைக்கும் 43 ரகம் ஏறக்குறைய 300 மெகாஹேர்ட்ஸோடு சோர்ந்துவிடும். 403க்கு 61 ரகம் வேண்டும். மணி கிடைக்காவிட்டால் கால் அலைநீள உலோகக் குழாய் ஒன்றைக் கேபிள்மேல் ஏற்றலாம். காற்று நிரம்பிய குழாய் என்றால் 18.6 சென்றிமீற்றர், உள்ளே டெஃப்லோன் என்றால் ஏறக்குறைய 13. அன்டெனா முனை திறந்தும் விஎன்ஏ முனை கேபிளின் வெளிக்கடத்தியோடு ஒட்டப்பட்டும் இருக்க வேண்டும்.

கூழுக்குள் முங்கும் கேபிள் பகுதியின் வெளிக்கடத்தி வெறுமையாக இருக்கக்கூடாது. சுருங்கு குழாய் போட்டு மூடுங்கள். கேபிளைக் கிரவுண்ட் தட்டுக்குச் செங்குத்தாக, நடுவை அண்டி ஒட்டுவது நல்லது. அளவுத்திருத்தத்தை விஎன்ஏயின் வாயில் செய்யாமல் கேபிளின் நுனியில் செய்யுங்கள். அதே நீளத்தில் மூன்று துண்டுக் கேபிள்களை வெட்டி, ஒன்றைத் திறந்தபடி விட்டு, ஒன்றைக் குறுக்கிட்டு, மூன்றாவதில் 0402 அளவுள்ள இரண்டு 100 ஓம் தடைகளைச் சமாந்தரமாக ஒட்டினால் போதும். யூ.எஃப்.எல். கனெக்டர் பாவிப்பவர்கள், அதற்குக் குறிக்கப்பட்ட ஆயுள் 30 தடவை செருகிக் கழற்றுவது மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. பரிசோதனைக் கேபிளில் அந்த 30 ஒரே கிழமையில் தீர்ந்துவிடும்.

கூழில் பரிவு இடம் மாறி நிற்கிறது, காற்றில் சரி

முதல் குற்றவாளி கூழ். 403 மெகாஹேர்ட்ஸில் தசையின் மின்னுழைய மாறிலி ஏறக்குறைய 57, கடத்துதிறன் மீற்றருக்கு 0.8 சீமன்ஸ். இதற்கு அருகே வரும் ஒரு கலவை, 1 கிலோவுக்கு: அயன் நீக்கிய தண்ணீர் 512 கிராம், வெள்ளைச் சீனி 468 கிராம், உப்பு 15 கிராம், ஹைட்ரொக்சி எதில் செலுலோஸ் 5 கிராம். 450 மெகாஹேர்ட்ஸில் இது 58ஐயும் 0.83ஐயும் அண்டி நிற்கும். 403க்குத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரை 40 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி முதலில் உப்பையும் பிறகு சீனியையும் கரையுங்கள். செலுலோஸ் தூளைக் கடைசியில், கலக்கிக்கொண்டே, தூவித் தூவிப் போடுங்கள். ஒரே தடவையில் கொட்டினால் வெளியே வழுவழுப்பும் உள்ளே உலர்ந்த மாவுமாகக் கட்டி விழும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. ஒரு நாள் மூடி வைத்தால் குமிழிகள் மேலேறிப் போய்விடும். சிவப்புச் சீனி வேண்டாம். சமையல் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள் கூழைக் கலங்கவைக்கும், உள்ளே ஒட்டியிருக்கும் குமிழி தெரியாது. ஆய்வுகூட உப்பே நல்லது.

கூழின் கடத்துதிறன் ஒரு பாகைக்கு 2 வீதம் அளவில் மாறும். ஏ.சி. அறையில் 23 பாகையில் எடுத்த அளவையும் 37 பாகையில் எடுத்த அளவையும் ஒரே வரைபில் போட்டால் இரண்டும் வேறு கூழ் போலத்தான் தெரியும். கொழும்புச் சூட்டில் சீனிக் கூழ் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும், நீரும் ஆவியாகும். பாத்திரத்தோடு நிறுத்து எடையை மூடியில் எழுதி, குளிரூட்டியில் வையுங்கள். எடை குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யலாம். மணம் மாறினால் கொட்டிவிடுங்கள்.

பாத்திரத்தின் அளவும் கணக்கில் வரும். இந்த மீடிறனில் தசைக்குள் அலைநீளம் 9.4 சென்றிமீற்றர், ஒவ்வொரு சென்றிமீற்றருக்கும் 1.7 டெசிபெல் போல இழப்பு. அன்டெனாவைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்றிமீற்றர் கூழாவது இல்லாவிட்டால் பாத்திரச் சுவரும் மேசையும் அளவில் கலந்துவிடும்.

கூழ் சரி, பூச்சும் சரி, இருந்தும் பரிவு இடம் மாறி நிற்கிறதா? கணினி மாதிரியில் அன்டெனாவைத் தசைக்குள் வைத்திருந்தீர்களா, கொழுப்புக்குள்ளா என்று பாருங்கள். கொழுப்பின் மாறிலி 5.6 மட்டுமே, தசையின் பத்தில் ஒன்று. பட்டை 3 மெகாஹேர்ட்ஸ் அகலம்தானே என்று அன்டெனாவையும் அதற்கே ஒடுக்கமாகச் செய்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். மைனஸ் 10 டெசிபெல் மட்டத்தில் 30 மெகாஹேர்ட்ஸாவது அகலம் இருக்கட்டும்.

காற்றிலும் கூழிலும் பரிவு மேலே நிற்கிறது

மேல்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே காற்று. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். தட்டுகளுக்கு நடுவே 50 மைக்ரோமீற்றர் காற்று இடைவெளி இருந்தால், மின்புலத்துக்கு அது 10.2 மாறிலியுள்ள தட்டின் 0.51 மில்லிமீற்றருக்குச் சமம். உங்கள் மேல்தட்டே 0.635தான். ஒரு தலைமயிர் தடிப்பு இடைவெளி மேல்தட்டின் பயனைப் பெருமளவு தின்றுவிடுகிறது. அதே இடைவெளியில் 3.5 மாறிலியுள்ள எபொக்சி நிரம்பியிருந்தால் பாதிப்பு 0.15 மில்லிமீற்றருக்குச் சமமாகக் குறையும்.

ஆகவே பசை எவ்வளவு என்பதை நிறுத்துத்தான் போட வேண்டும். 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் 25 மைக்ரோமீற்றர் படலத்துக்கு 2 மில்லிகிராம் போல எபொக்சி போதும். பல்குத்தும் குச்சியால் தொட்டு வைக்கும் ஒரு துளி இதைவிட எப்போதும் கூட. ஒட்டுமுன்னும் ஒட்டி வழிந்ததைத் துடைத்த பின்னும் நிறுத்து, வித்தியாசத்தை எழுதுங்கள். ஒட்டும்போது முதலில் கலந்த எபொக்சியை வெற்றிடத்தில் வைத்துக் குமிழியை எடுங்கள். நுரைத்து உயர்ந்து தானே அமர்ந்த பின் எடுத்தால் போதும். பிறகு நடுவில் வைத்து, மேல்தட்டை ஒரு விளிம்பிலிருந்து சாய்த்து இறக்கி, இறுகும்வரை சீரான பாரம் வையுங்கள்.

குமிழி மிஞ்சினால் எல்லாக் குமிழியும் ஒரே அளவு கெடுதல் அல்ல. ஷோர்ட்டிங் பின் பக்கத்தில் மின்புலம் குறைவு. அங்கே உள்ள குமிழி பரிவை அவ்வளவாக அசைக்காது. நெளிகோட்டின் திறந்த நுனியில் புலம் உச்சம். அங்கே கடுகளவு குமிழி இருந்தாலும் பள்ளம் நகரும். ஒளிபுகா ஆர்.ஓ. தட்டில் இதைப் பார்க்க முடியாது என்பதால், பசை வைக்கும் கையைப் பழக்குவதற்கு முதலில் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிப் பாருங்கள்.

ஒரே தொகுதியில் துண்டுக்குத் துண்டு வேறுபாடு

பசை எடை சீராக இருந்தும் இது வந்தால் அரிப்பைப் பாருங்கள். 35 மைக்ரோமீற்றர் செம்பை ஃபெரிக் குளோரைட்டில் அரித்தால், கீழே இறங்கும் அளவுக்கு ஏறக்குறைய பக்கவாட்டிலும் தின்னும். 0.3 மில்லிமீற்றராக வரைந்த கோடு 0.24க்கு வந்து நிற்கும். தொட்டியில் அதிக நேரம் கிடந்த துண்டு இன்னும் மெலியும். 18 மைக்ரோமீற்றர் செம்புத் தட்டை வாங்கினால் இந்தத் தலையிடி பாதியாகும். நுணுக்குக்காட்டியில் ஒவ்வொரு துண்டிலும் ஒரே மூன்று இடங்களில் கோட்டின் அகலத்தை அளந்து, பரிவோடு சேர்த்துப் புள்ளி வைத்துப் பாருங்கள். ஒரு சாய்கோடு தெரிந்தால் அரிப்புத்தான். தெரியாவிட்டால் ஷோர்ட்டிங் பின் துளையின் இடத்தை அளவுங்கள்.

பலகையை வெளிநாட்டுக்கு ஓடர் கொடுத்துச் செய்விப்பவர்கள் மேற்பூச்சைக் கவனித்துத் தெரிவுசெய்ய வேண்டும். வழக்கமாக வரும் நிக்கல்-தங்கப் பூச்சில் தங்கம் 0.05 மைக்ரோமீற்றர் அளவே. அதன் கீழே 3 முதல் 6 மைக்ரோமீற்றர் நிக்கல். 403 மெகாஹேர்ட்ஸில் ஓட்டம் செம்பில் 3.3 மைக்ரோமீற்றர் ஆழத்துக்குள்தான் ஓடும். ஆகவே கோட்டின் விளிம்பிலும் மேற்பரப்பிலும் அது தடை கூடிய நிக்கலுக்குள் ஓடி வெப்பமாகிறது. உடலுக்குள் போகும் பொருளில் நிக்கல் வேண்டவே வேண்டாம் என்பது தனிக் காரணம். வெறும் செம்பாக எடுப்பித்து, வந்த அன்றே சுத்தம் செய்து ஒட்டிவிடுவது மேல்.

பள்ளம் ஆழம், அகலம், ஆனால் தொடர்பு இல்லை

புதியவர்கள் மகிழ்ந்துபோகும் வரைகோடு இது. மைனஸ் 30 டெசிபெல் ஆழம், 80 மெகாஹேர்ட்ஸ் அகலம். 50 ஓம் தடை ஒன்றை ஒட்டினாலும் இதைவிட அழகான வரைகோடு வரும், அது எதையும் அலைபரப்பாது. இந்த வரைகோடு, அதாவது எஸ்-11, சொல்வது வலு திரும்பி வரவில்லை என்பதை மட்டும். எங்கே போனது என்று அதற்குத் தெரியாது.

அதே துண்டைக் கழுவித் துடைத்துக் காற்றில் அளவுங்கள். இவ்வளவு சிறிய அன்டெனா காற்றில் ஒடுக்கமான, கூரிய பள்ளம்தான் காட்ட வேண்டும். அது அளவு சார்ந்த இயற்பியல், எல்.ஜே. சூ என்ற பொறியியலாளர் 1948இல் கணக்கிட்டுக் காட்டிய எல்லை. காற்றிலும் அகலமாக இருந்தால் வலு துண்டுக்குள்ளேயே எரிகிறது: பசை, நிக்கல், கெட்ட சோல்டர், அல்லது தட்டுக்குள் புகுந்த ஈரம். காற்றில் கூராகவும் கூழில் அகலமாகவும் இருந்தால் அது இழையத்தின் இழப்பு, இயல்பானது. அதைக் குறைக்க மேல்தட்டைத் தடிப்பாக்கலாம், ஏனென்றால் அன்டெனாவின் கிட்டிய மின்புலம் கடத்தும் இழையத்தைத் தொடுவதுதான் பெரும் இழப்புக்குக் காரணம்.

உறுதிப்படுத்த இணைப்பை அளக்க வேண்டும். 35 சென்றிமீற்றர் நீள அரையலை இருமுனை அன்டெனா ஒன்றைக் கூழ்ப் பாத்திரத்திலிருந்து 50 சென்றிமீற்றரில் நிலையாகப் பொருத்தி, விஎன்ஏயின் இரண்டாம் வாயோடு இணைத்து எஸ்-21ஐ, அதாவது ஓர் அன்டெனாவிலிருந்து மற்றதுக்குப் போய்ச் சேரும் பங்கை, எடுங்கள். நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த ஒரு துண்டை மூலப்பிரதியாக ஒதுக்கி, ஒவ்வொரு நாளும் முதலில் அதை அளவுங்கள். சோதிக்கும் துண்டு அதைவிட 3 டெசிபெல் குறைந்தால் ஒதுக்குங்கள். பாத்திரம், கதிரை, ஆள் நிற்கும் இடம் எதுவும் மாறக்கூடாது. தரையில் நாடா ஒட்டிக் குறித்து வையுங்கள். கூழுக்குள் இருக்கும் அன்டெனாவின் நயம் (கெயின்) மைனஸ் 30 டெசிபெல் அளவில் இருப்பது இந்த மீடிறனில் வழமை. அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

உப்புநீரில் வைத்த சில நாளில் பரிவு கீழே இறங்குகிறது

கொழும்பில் அதிகம் வரும் கோளாறு இது. நகர்வின் வடிவத்தைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் மெதுவாக இறங்கி, பிறகு மட்டமாகிவிட்டால், பசையும் பூச்சும் தம்மால் இயன்ற தண்ணீரைக் குடித்து நிரம்பிவிட்டன. இதற்குப் பரிகாரம் வடிவமைப்பில்தான்: நிரம்பிய நிலையில் 403இல் நிற்கும்படி தொடக்கத்தைச் சற்று மேலே வையுங்கள். நாட்கணக்கில் அசையாமல் இருந்து திடீரென்று குதித்தால், பூச்சு எங்கோ உரிந்து அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அந்தத் துண்டைக் காப்பாற்ற வழியில்லை, காரணத்தைத் தேடலாம்.

பரிலீன் தண்ணீர் ஆவியை முற்றாகத் தடுக்காது. ஆவி உள்ளே போகட்டும், போகும். ஆனால் அது திரவமாகத் திரள வெறும் இடம் கிடைக்கக்கூடாது. பூச்சு மேற்பரப்போடு இடைவெளியில்லாமல் பிடித்திருந்தால் திரள இடமில்லை. ஆகவே தடிப்பைக் கூட்டுவதைவிடப் பிடிப்பைக் கூட்டுங்கள். சோல்டர் ஃபிளக்ஸின் மிச்சம், விரல் எண்ணெய், பசையின் விளிம்பு இந்த மூன்றும்தான் பிடிப்பைக் கெடுப்பவை. ஃபிளக்ஸ் உப்பு மாதிரி, தண்ணீரைத் தன்பக்கம் இழுக்கும். அதன்மேல் பூசிய பரிலீன் கொப்புளமாக எழும்.

வரிசை இப்படி. ஐசோபுரோபைல் அற்ககோலில் தூரிகையால் கழுவுங்கள், அயன் நீக்கிய நீரில் அலசுங்கள், வசதி இருந்தால் ஒட்சிசன் பிளாஸ்மா. பிறகு பூச்சின் பிடிப்பைக் கூட்டும் ஏ-174 சைலேன் கரைசல்: அற்ககோல் 100 பங்கு, நீர் 100 பங்கு, சைலேன் 1 பங்கு, கனவளவில். கலந்து 2 மணி நேரமாவது வைத்த பின்னரே பாவியுங்கள், அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம். துண்டை 30 நிமிடம் ஊறவிட்டு, எடுத்து 30 நிமிடம் காற்றில் உலர்த்தி, அற்ககோலில் அரை நிமிடம் அலசி, 70 பாகையில் ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். அன்றே பூச்சு இயந்திரத்துக்குள் போக வேண்டும்.

இங்கே நம் ஊர்க் காற்று குறுக்கே வரும். 30 பாகையும் 80 வீத ஈரப்பதனும் உள்ள காற்றின் பனிபடுநிலை 26 பாகை. 22 பாகை ஏ.சி. அறையிலிருந்த துண்டை நடைபாதை வழியாக அடுத்த கட்டடத்துக்கு வெறுமனே எடுத்துப் போனால், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அதன்மேல் படிந்துவிடும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் கொண்டுபோய், பெட்டி அங்குள்ள சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். குளிரூட்டியிலிருந்து எடுக்கும் எபொக்சிக் குப்பிக்கும் இதே விதி. ஒக்டோபர், நவம்பர் மழையில் செய்த தொகுதி மட்டும் தோற்றால் முதலில் இந்த நடையைத்தான் பாருங்கள்.

பூச்சு ஓடும்போது மின்சாரம் போய், ஜெனரேட்டர் பிடிக்குமுன் பம்பி நின்று, அறைக்குள் காற்று புகுந்தால் அந்தத் தொகுதியைத் தொடர்ந்து பூச வேண்டாம். முதல் படைமேல் இரண்டாம் படை சரியாகப் பிடிக்காது. பம்பி எண்ணெய் பின்னால் வந்திருந்தால் இன்னும் மோசம். பம்பிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் யூ.பி.எஸ். போடும் செலவு ஒரு தொகுதியின் விலைக்குள் அடங்கும்.

துளை இருக்கிறதா என்று பார்க்க இந்த 403 அன்டெனாவில் சிறு சிக்கல்: ஷோர்ட்டிங் பின் இருப்பதால் கோட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்தால் எப்போதும் பூச்சியம்தான் காட்டும். அன்டெனா உலோகத்துக்கும் உப்புநீரில் நிற்கும் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிக்கும் இடையே அளவுங்கள். வழமையான மல்ற்றிமீற்றரின் ஓம் பக்கம் இதற்குப் போதாது. 9 வோல்ட் பற்றரியை, துண்டை, மீற்றரை (வோல்ட் பக்கத்தில், உள்தடை 10 மெகாஓம்) தொடராக இணையுங்கள். மீற்றர் 1 மில்லிவோல்ட் காட்டினால் பூச்சின் தடை 90 ஜிகாஓம். 90 மில்லிவோல்ட் காட்டினால் 1 ஜிகாஓம். அன்டெனா எதிர்முனையாக இருக்கட்டும், நேர்முனையில் வைத்தால் செம்பு கரையும். தடை குறைவென்றால் மீற்றரை எடுத்துவிட்டு 9 வோல்ட்டை நேரே கொடுத்து நுணுக்குக்காட்டியில் பாருங்கள். துளை உள்ள இடத்திலிருந்து ஐதரசன் குமிழிகள் ஒரு நூல்போல மேலே ஏறும். பெரும்பாலும் அது தட்டின் வெட்டு விளிம்பாகவோ கேபிள் நுழையும் மூலையாகவோ இருக்கும். விளிம்பைப் பூசுமுன் நுண் உப்புத்தாளால் மழுக்கிவிட்டால் அடுத்த தொகுதியில் இது குறையும்.

காலத்தைச் சுருக்கிப் பார்க்க 67 பாகை உப்புநீர் போதும். 10 பாகைக்கு இரண்டு மடங்கு என்ற கணக்கில் 37ஐவிட 8 மடங்கு வேகம். 87 பாகைக்கு 32 மடங்கு என்று தாளில் வரும், ஆனால் பரிலீன்-சியும் பல எபொக்சிகளும் அந்தச் சூட்டில் இளகத் தொடங்கும் எல்லையில் நிற்கின்றன. அங்கே வரும் தோல்வி உடலுக்குள் ஒருபோதும் வராத தோல்வியாக இருக்கலாம்.

13.56 சுருள்: காற்றில் பரிவு சரி, கருவியில் பொருத்தினால் வலு வரவில்லை

1.2 மைக்ரோஹென்றி சுருளுக்கு 115 பிக்கோபரட் தேவை. சுற்றியுள்ள ஈரமும் பசையும் 5 பிக்கோபரட் கூட்டினாலே பரிவு 13.27க்கு இறங்கிவிடும். தரக்காரணி (பரிவின் கூர்மை) 80 என்றால் பட்டை அகலம் 170 கிலோஹேர்ட்ஸ் மட்டுமே; 290 கிலோஹேர்ட்ஸ் தள்ளிப்போன சுருளுக்கு வலு ஏறாது. கொள்ளளவி சி0ஜி ரகமாக, 1 வீதத் துல்லியத்தில் இருக்கட்டும். 5 வீத ரகம் தானாகவே 0.34 மெகாஹேர்ட்ஸ் தள்ளிவிடும். எக்ஸ்7ஆர் ரகத்தின் கொள்ளளவு வோல்ட்டுக்கும் சூட்டுக்கும் மாறும், பரிவுச் சுற்றில் அதற்கு இடமில்லை.

திசையைப் பாருங்கள். கூழில் வைத்ததும் கீழே போனால் சுருளின் சுற்றுகளுக்கு இடையே இழையத்தின் கொள்ளளவு சேர்கிறது; சுருள்மேல் 1 மில்லிமீற்றர் சிலிக்கோன் படை இருந்தால் பெரும்பாலும் தீரும். கருவியின் டைட்டேனியப் பெட்டிமேல் வைத்ததும் மேலே போய், தரக்காரணியும் விழுந்தால் பெட்டியின் உலோகத்தில் சுழியோட்டம். பெட்டிக்கும் சுருளுக்கும் நடுவே 0.2 மில்லிமீற்றர் போல ஃபெரைட் தாள் வையுங்கள். அது பரிவைக் கீழே இழுக்கும் என்பதால் கொள்ளளவியைத் தாளோடு சேர்த்தே தெரிவுசெய்யுங்கள். தாள் விரிசல் விட்டால் அந்த நகர்வும் மாறும். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியவருக்கான கருவியில் ஃபெரைட் தனிக் கேள்வி.

சுருளையே பெட்டிக்குள் வைக்கலாமா என்று கேட்பார்கள். 13.56இல் தரம் 2 டைட்டேனியத்தின் ஊடுருவல் ஆழம் 0.1 மில்லிமீற்றர் போல, தரம் 5க்கு 0.18. 0.3 மில்லிமீற்றர் சுவர் அதைச் சாப்பிட்டுவிடும். சில நூறு கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே போனால் மட்டும் சுவரைத் தாண்டலாம்.

பொருத்து விட்டு விட்டுத் தொடுகிறது

தடையை அளந்துகொண்டே மரக்குச்சியால் வயரை மெதுவாகத் தள்ளுங்கள். சில மில்லிஓம் துள்ளினால் பொருத்து வெடித்திருக்கிறது. பிளாட்டினம்-இரிடியம் வயரை நேரே டைட்டேனியத்தோடு லேசரால் உருக்கி ஒட்டினால் இரண்டும் சேர்ந்து நொறுங்கும் சேர்மமாகும். நடுவே நியோபியத் துண்டு வைப்பது வழக்கம். அந்த வயர் செம்பைவிட மோசமான கடத்தி என்பதையும் கணக்கில் வையுங்கள்: தடைத்திறன் 15 மடங்குக்கு அண்மை. நெளிகோடு முழுவதையும் அதிலேயே செய்தால் அன்டெனாவின் நயம் குறையும்.

சிலிக்கோன் ஓரங்களில் ஒட்டும் பிசினாகவே நிற்கிறது

பிளாட்டினத்தால் இறுகும் சிலிக்கோன் கந்தகத்தையும் அமீனையும் கண்டால் இறுகாது. லேற்றெக்ஸ் கையுறை, அமீனால் இறுக்கிய எபொக்சி, சில நாடாக்களின் பசை இவைதான் வழமையான காரணம். வினைல் அல்லது நைத்திரைல் கையுறைக்கு மாறுங்கள், எபொக்சியை முழுதாக இறுகவைத்து அதன்மேல் பரிலீன் பூசிய பிறகு சிலிக்கோன் ஊற்றுங்கள். அவசரத்துக்குப் புறக்கோட்டை ஹாட்வெயார் கடைச் சிலிக்கோனை எடுத்தால் வினாகிரி மணக்கும். அந்த அசற்றிக் அமிலம் செம்பை அரிக்கும், அதில் பூஞ்சணக்கொல்லியும் கலந்திருக்கும்.

கிருமியழித்த பின் பரிவு மாறிவிட்டது

எத்திலீன் ஒட்சைட் முறை 55 பாகை அளவில், ஈரப்பதனோடு நடக்கும். வாயு முற்றாக வெளியேற விட்டு, உலர்த்திய பிறகு அளந்தால் பெரும்பாலும் பழைய எண்ணுக்குத் திரும்பிவிடும். உடனே அளந்தால் கீழே நிற்கும். 121 பாகை நீராவி அப்படியல்ல. எபொக்சி இளகி, தட்டும் செம்பும் பசையும் வெவ்வேறு அளவில் விரிந்து, பூச்சின் விளிம்பு தூக்கும். காற்றுப் பரிவு மேலே போயிருந்தால் மேல்தட்டு பிரிந்துவிட்டது. துண்டு கடைசியில் போய்ச் சேரும் இடத்தில் நீராவிக் கலன் மட்டும்தான் இருக்கிறதென்றால், பசையையும் ஆர்.ஓ. தட்டையும் விட்டுவிட்டு, அலுமினாத் தட்டில் தங்கம் ஏற்றி, உலோகத்தோடு உருக்கி அடைக்கும் கட்டமைப்பை முதல் வரைபிலேயே எடுங்கள்.